தொட்டிக்கு ஒரு குடம் வெந்நீர்

குன்னூரில் எங்கள் டீக்கடைக்கு எதிரே இருக்கும் பழைய பாப்டிஸ்ட் சர்ச்சைப் பார்க்க வருகிறவர்கள், வாசல் கல்வெட்டை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் இருப்பதெல்லாம் கட்டிய வெள்ளைக்காரர்களின் பெயர்கள். எனக்கு எரிச்சலாக வரும். அந்தச் சர்ச்சின் அழகே உள்ளே, பிரசங்க மேடைப் பலகைக்கு அடியில் இருக்கும் தொட்டிதான். தலையில் தண்ணீர் தெளிப்பது இந்தச் சபைக்காரர்களுக்கு ஞானஸ்நானம் ஆகாது; ஆள் முழுதாக முங்க வேண்டும். ஒரு டிசம்பரில் முங்கியவர்கள் நடுங்கியதைப் பார்த்து என் மாமனார் கடை பாய்லரிலிருந்து வெந்நீர் கொண்டுபோய் ஊற்றினார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வேலையாகிவிட்டது.

போன வருடம் தொட்டிக்கு ஹீட்டர் வைத்தார்கள். இருந்தும் ஞானஸ்நானத்தன்று காலையில் பாஸ்டர் கடைக்கு வந்தார்.

"ஹீட்டர் ரிப்பேருங்களா?" என்றேன்.

"நல்லாத்தான் ஓடுதுங்க. உங்க கடைத் தண்ணி ஒரு குடமாவது ஊத்தாட்டி, எங்காளுக எறங்க மாட்டேங்கறாங்க."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் கல்வெட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இந்தச் சபையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "தண்ணி மட்டுந்தான் எங்களுது."