புளி போட்டுத் தேய்த்த செம்பு மணி

பளபளவென்று இருந்தால் சுத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். சிதம்பரம் கோயில் கடையில் வாங்கிய குட்டிச் செம்பு மணியைப் புளி போட்டுத் தேய்த்து, அழகுக்காக மகளின் மீன் தொட்டிக்குள் வைத்தேன். மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து தவித்தன. மகள் அழுத சத்தம் கேட்டு, ஸ்கூட்டர் நிறுத்தும் தகராறில் என்னோடு பேசாமலிருந்த எதிர்வீட்டு மல்லிகா ஓடிவந்தார்.

“செம்பையா உள்ள போட்டீங்க? எவ்ளோ தேச்சாலும் அது தண்ணியில கரையும்க்கா. மீனுக்கு வெஷம்!”

தன் வீட்டு மீன் தொட்டித் தண்ணீரையே வாளியில் கொண்டுவந்து மீன்களை அதில் விட்டார். மாலைக்குள் அவை பழையபடி நீந்தின. தொட்டித் தண்ணீரையும் மாற்றி, மணியை எடுத்துத் துடைத்து, தொட்டிக்கு வெளியே, கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்.

“பாருங்க, உள்ள இருக்கற மாதிரியே தெரியுதுல்ல?”

மறுநாளிலிருந்து அவர் வண்டிக்கு இடம் விட்டுத்தான் என் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன்.