‘போ’வுக்குப் பிறகு ஒரு ‘வா’

சிவபாதம் அண்ணையின் மகள் ஆரணி அழைத்தபோது லொங்குய் நிலையத்தில் மெட்ரோ ரயிலுக்காகக் காத்து நின்றேன். பிரெஞ்சில் ஏதோ தொடங்கியவள் அழுகையோடு தமிழுக்கு வந்து, “அப்பா இல்லை, அன்ரி” என்றாள். ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

அண்ணையைக் கொண்டாடியவர்களுக்கும் திட்டித் தீர்த்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்து, அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த தன் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து அவர் சுரம் எழுதினார். தமிழில் ஓபரா, முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம், எழுதப்போகிறேன் என்றபோது சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு அதில் தாயாகப் பாடியவளும் நான்தான்.

கடைசிக் காட்சியில் தாய் மகனைப் போருக்கு அனுப்புகிறாள். எங்கள் வீடுகளில் பால் வாங்கப் போகிறவனைக்கூட ‘போ’ என்று அனுப்பமாட்டோம், ‘போட்டு வா’, அதாவது போய்விட்டு வா, என்போம். அண்ணை தெரிந்தேதான் ‘வா’வை வெட்டினார். “அப்பதான் தாய் துணிஞ்சிட்டாள் எண்டு விளங்கும், பிள்ளை” என்றார். வயலின்கள் எல்லாம் அடங்க, உச்சத்தில் ஒற்றைப் ‘போ’வை மூச்சு முடியும்வரை பிடிப்பேன். மண்டபமே எழுந்து நின்று கைதட்டும். எனக்கும் தலைக்கனம் ஏறியது, மறைக்கமாட்டேன். அந்தப் பாட்டு கசெற்றில் ஊருக்கும் போனது.

போர் முடிந்தபின் ஓர் ஒத்திகைக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்து, முடியும்வரை இருந்து கேட்டார். அவருடைய மகன் அந்தக் கசெற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருநாள் போரில் சேரப் போனவன். வரவேயில்லை. அவர் சத்தம் போடவில்லை. “எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ‘வா’ எண்டதை மட்டும் ஏன் எடுத்தனீங்கள்?” என்று கேட்டார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். பாடியவள் நான், கையிலிருந்த சுரத்தாளை மடித்து வைத்தேன்.

அதன்பிறகு அண்ணை அந்த ஓபராவை மேடையேற்ற விடவில்லை. போரைக் கொண்டாடிய பக்கம் அவரைத் துரோகி என்றது, எதிர்த்த பக்கம் பிள்ளைகளைப் பலிகொடுத்தவர் என்றது. வீட்டுக்கு வருகிற எவரையும், தபால்காரரைக்கூட, ‘போட்டு வாறன்’ சொல்லவைத்துத்தான் அனுப்பினார். ‘போ’வுக்குப் பின்னால் ஒரு ‘வா’வை வைக்க வருடக்கணக்காக முயன்றார். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அது ஒட்டுப்போட்டதுபோல் தனியாகத் தெரிந்தது. கடைசியாக நான் போனபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“போனவை வரமாட்டினம் எண்டு பாட்டுக்குத் தெரியுது, பிள்ளை. அதை என்னாலை ஏமாத்தேலாது.”

பிரேதத்துக்கு முன்னாலேயே அந்தப் பாட்டைப் பாடுவதா கூடாதா என்று இரண்டு பக்கமும் வாய்த்தர்க்கப்பட்டார்கள். முடிவை ஆரணி என்னிடம் விட்டாள். நான் பாடவில்லை. அதற்கும் என்னைத் திட்டுங்கள். அவருக்குப் ‘போ’ என்று பாட மனம் இடம் தரவில்லை, ‘வா’வுக்கோ சுரமே இல்லை.

புறப்படும்போது ஆரணி அந்தப் பாட்டின் கடைசிச் சுரத்தாளைத் தந்தாள். ‘போ’வுக்குப் பக்கத்தில் அழித்து அழித்து எழுதித் தாள் ஓட்டையாகியிருந்தது. செத்தவீட்டில் ‘போட்டு வாறன்’ சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பிப் போகவேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தெரியவில்லை.

“அன்ரி, வாறன் எண்டு ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டாள்.

நான் படியிறங்கினேன். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஓட்டைத் தாளும், அந்த அம்மாவும் இவளும் கேட்டும் நான் பதில் சொல்லாத அந்தக் கேள்வியும்தான்.