ஃபைனான்ஸ்காரரின் யார்டில் நான்

திண்டிவனத்தில் லாரிக்கும் ஆட்டோவுக்கும் கடன் கொடுத்துப் பெரும் பணக்காரரானவர் எங்கள் ஃபைனான்ஸ்காரர். சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் கல்லூரிச் செலவையும் ஏற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒரு பைசா திருப்பிக் கேட்கமாட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே தொழில், தர்மத்தையும் அதே முறையில்தான் செய்தார்.

விழுப்புரத்தில் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், கூட்டேரிப்பட்டில் டீக்கடை வைத்திருந்த அப்பா என்னை அவரிடம் கூட்டிப்போனார். மனிதர் என்னை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் போட்டோ எடுக்கச் சொன்னார். கடைசிப் படத்தில் என் பக்கத்தில் அப்பா, புது டிராக்டர் வாங்கியவர் மாதிரி நிற்கிறார்.

"கண்டிஷன் நல்லா கீது. நடுவுல நிறுத்தினா மட்டும் ஆள் அனுப்புவேன்" என்றார் ஃபைனான்ஸ்காரர். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

கடைசி வருடப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. நல்ல சம்பந்தம் என்றால், படித்தது போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்ன சம்பந்தம். என்னை யாரும் கேட்கவில்லை. கல்லூரிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். நான் தேம்பித் தேம்பி அழுததை, பெண்ணுக்கு வெட்கம் என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிச்சயத்தன்று உபதேசியார் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருக்கையில் இரண்டு முரட்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். தவணை கட்டாத வண்டிகளைத் தூக்குகிற ஃபைனான்ஸ்காரரின் ஆட்கள். செபம் முடியும்வரை கைகட்டி நின்றார்கள், ஆமென்கூடச் சொன்னார்கள். பிறகு ஒருவர் போனில் இருந்த என் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதாம்பா" என்றார்.

"இன்னாங்க அநியாயம் இது? என் பொண்ணுங்க!" என்று அப்பா கத்தினார்.

"ஆபீஸ்ல வந்து பேசிக்குங்க. பரீட்சை முடியற வரைக்கும் ஓட்டம் நிக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிக்கிறாரு."

அவர்கள் என்னைத் தொடக்கூட இல்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஓடிப்போய் அவர்கள் காரில் ஏறினேன். மாப்பிள்ளையின் மாமா, "எத்தினி ட்யூ பாக்கி?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தூக்கிய எதுவும், அப்படி வந்த வண்டிகளை நிறுத்திவைக்கிற யார்டுக்குத்தான் போகும். நானும் போனேன். யார்டை ஒட்டி ஃபைனான்ஸ்காரர் வீடு. அவர் மனைவி சோறு போட்டு, தன் அறையிலேயே படுக்க வைத்தார். பகலில், தூக்கி வந்த ஷேர் ஆட்டோ ஒன்றின் பின்சீட்டில் உட்கார்ந்து படித்தேன். வாட்ச்மேன் வண்டிகளை எண்ணும்போது என்னையும் சேர்த்து எண்ணினார். பரீட்சைக்கு அதே ஆட்கள் விழுப்புரம் கூட்டிப்போய், கல்லூரி வாசலில் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அப்பா வந்தார். இளைத்திருந்தார். சம்பந்தம் முறிந்துபோயிருந்தது. வண்டி மீட்க வருகிறவர்களைப் போல ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்று, "எங்க சார் கையெழுத்து போடணும்?" என்று கேட்டார்.

ஃபைனான்ஸ்காரர் சிரிக்கவில்லை. "வண்டின்னா கையெழுத்து போட்டு ஓட்டிக்கினு போலாம். இது பொண்ணாச்சேய்யா. அதுகிட்ட கேளு."

அப்பாவுக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. ஆட்டோ பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வூட்டுக்கு வர்றியாம்மா?"

என் இஷ்டத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்சீட்டில் கிடந்த புத்தகங்களை எடுத்து அடுக்கிக்கொண்டேன். ஆனாலும் அவரைக் கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.