மணமேல்குடி வரை மூச்சு வாங்காமல்

கடந்த வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான் மைதானத்தில் நான்காவது சுற்றில் இருந்தேன். மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. அதில் 'கண்டக்டர்' என்று பெயர் ஓடியது. அந்த நேரத்தில் வெள்ளைச்சாமி எனக்கு ஃபோன் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அப்போது அவர் எனக்கு இரண்டடி இடப்பக்கமாக நடந்துகொண்டிருக்க வேண்டியவர். முந்தைய நாள்தான் லேசாக உடம்பு வலிக்கிறது, நாளைக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஃபோனை எடுத்தேன். பேசியது அவருடைய மகள் செல்வி.

"பெரியப்பா, அப்பா போயிட்டாங்க" என்றாள்.

மைதானத்துக்குக் கிளம்ப நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டியிருக்கிறார். ஒரு காலில் கயிறு கட்டி முடிந்திருந்தது. மறு காலில் கட்டவில்லை.

நான் அப்படியே நின்றேன். நடை நின்றுவிட்டது, தொடரவா முடிக்கவா என்று கடிகாரம் கேட்டது. முடி என்று அழுத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்து வேப்பமரத்தடியில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. தினமும் நடக்க வருகிற நான்கு பேர் பேசினார்கள். ஆறு வருஷம் அவர் பக்கத்தில் நடந்தவன் நான். என்னைப் பேசக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் எங்கள் சண்டையைத்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் நினைத்தது சரிதான். எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர் என்றார் ஒருவர். எளிமையானவர் என்றார் இன்னொருவர். யாரைப் பற்றி வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம். சண்டையை விட்டுவிட்டு வெள்ளைச்சாமியைப் பற்றிப் பேசினால் அது வேறு யாரோ. ஆகவே எழுதுகிறேன்.

அவருக்கு எழுபது வயது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் பேருந்து நடத்துநராக இருந்தார். அதில் பெரும்பகுதி புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடி போகும் வண்டியில். ஓய்வுபெற்ற மறு வருஷம் நெஞ்சு வலி வந்து, மதுரையில் பைபாஸ் அறுவை செய்துகொண்டார். அது பதினோரு வருஷத்துக்கு முன்னால்.

நான் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். தொழிலை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானே கற்றேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொன்னார்கள். எவ்வளவு வேகத்தில் என்று நான் கேட்கவில்லை. அபுதாபியில் இருக்கும் என் மகன், நெஞ்சுத் துடிப்பை எண்ணிக் காட்டும் கடிகாரம் ஒன்றை அனுப்பினான். அதைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போன முதல் நாள் அவரைப் பார்த்தேன்.

வெளித்தடத்தில் ஒருவர் முணுமுணுத்தபடியே வேகமாக நடந்து போனார். மந்திரம் என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில் என்னைத் தாண்டியபோது காதில் விழுந்தது: "திருவரங்குளம், வம்பன், ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம்..." புத்தி பிசகியவர் என்று எண்ணி ஒதுங்கினேன். அவரோ வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்துவிட்டார்.

"அண்ணே, ரொம்ப மூச்சு வாங்குது ஒங்களுக்கு. ஆலங்குடி வரைக்கும் சொல்ல முடியுதான்னு பாருங்க."

"எதுக்குச் சொல்லணும்?"

"வண்டி எங்கிட்டுப் போகுதுன்னு ஏறுன ஆளுக்குத் தெரிய வேண்டாமா?"

அவருடைய முறை இதுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் உங்களுக்கு ஏற்ற வேகம் என்று மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். தனியாக நடக்கிறவர் யாரிடம் பேசுவது? ஆகவே தன் பழைய வண்டியின் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். நிறுத்தாமல் அறந்தாங்கி வரை சொல்ல முடிந்தால் நடை மெதுவு. ஆலங்குடியில் ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் சரியான வேகம். திருவரங்குளமே திணறினால் உடனே குறைக்க வேண்டும்.

"குடுமியான்மலையில கல்லுல வெட்டி வச்சிருக்க சங்கீதத்தப் பாடுற அளவுக்கு மூச்சு இருந்துச்சுன்னா, அது நடை இல்லண்ணே. உலாத்துறது" என்பார்.

முதல் இரண்டு சுற்றுகள் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நகர்வது போல மெதுவாக இருக்கும். கடைசிச் சுற்று, டிப்போவுக்குள் வண்டியை விடுவது போல. இதை ஒருநாளும் அவர் மாற்றியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கிழக்குப் பக்கம் வேகமாகவும் மேற்குப் பக்கம் மெதுவாகவும் நடப்பார். அதற்குச் சந்தை நாள் வண்டி என்று பெயர். ஓடி நின்று, ஓடி நின்று போவதாம். நடை முடிந்ததும் மைதான வாசலில் நின்று, "மணமேல்குடி. கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் எறங்குங்க, எதையும் விட்டுட்டுப் போகாதீங்க" என்று குரல் கொடுப்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

எனக்கு அளவுகோல் வேண்டும். மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்பதைக் கையை வைத்துப் பார்த்துச் சொல்லக் கூடாது, மீட்டர் வைத்துச் சொல்ல வேண்டும். இதை அவரிடம் சொன்னேன்.

"மீட்டர் முள்ளே ஆடாத வண்டியில நேரத்துக்குப் போய்ச் சேந்திருக்கோம்ணே" என்றார் அவர்.

துடிப்புக்கு ஒரு கணக்கு உண்டென்று படித்திருந்தேன். இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழித்து, வருவதில் நூற்றுக்கு எண்பது பங்கு எடுக்க வேண்டும். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. நூற்றி இருபத்துமூன்று வந்தது. அதை எட்டினால்தான் இதயத்துக்குப் பயன் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் எவ்வளவு வேகமாக நடந்தாலும் கடிகாரம் நூற்றி நான்கில் நின்றது. என் முயற்சி போதவில்லை என்று முடிவு செய்து, நடையை ஓட்டமாக்கினேன்.

சில நாட்கள் இதைக் கவனித்த வெள்ளைச்சாமி, துடிப்பைக் குறைக்க ஏதாவது மாத்திரை போடுகிறேனா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, கொடுத்ததைப் போடுகிறேன் என்றேன். மறுநாளே அவர் என் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம், "மதினி, அந்த மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் எடுங்க" என்று வாங்கிப் பார்த்தார். அவரும் அதே மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க வண்டிக்கு ஸ்பீடு லாக் போட்டிருக்கு. அறுபதுக்கு மேல போகாது. போகலைன்னு நீங்க மிதிச்சா எஞ்சின்தான் சூடாகும். கடியாரத்துக்கு மாத்திரை தெரியாதுண்ணே."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. டாக்டரக் கேட்டுட்டு மிதிங்கன்னுதான் சொல்றேன்."

நான் கேட்கவில்லை. அவரும் சும்மா இருக்கவில்லை. என் மனைவியிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் மகனிடம் சொன்னாள். மகன் அபுதாபியிலிருந்து கூப்பிட்டுச் சத்தம் போட்டான். மறுநாள் மைதானத்தில் எல்லோருக்கும் என் மாத்திரையின் பெயர் தெரிந்திருந்தது. வெள்ளைச்சாமியிடம் இருந்த பெரிய குறை இதுதான். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், யார் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறார் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவார். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் வாய் நிற்காது. இதை அவர் இருந்தபோதே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே இப்போதும் எழுதலாம்.

அவரோடு பேசுவதை நிறுத்தினேன். நான்கு மாதம் பேசவில்லை.

அந்த நான்கு மாதமும் அவர் எதிர்த்திசையில் நடந்தார். அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நாங்கள் நேருக்கு நேர் வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்வார். "திருவரங்குளம்" என்றால், நான் "வம்பன்" என்று அடுத்த ஊரைச் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது புரிந்தது. நான் சொல்லவில்லை. அவர் மறுமுறையும் திருவரங்குளத்திலிருந்தே தொடங்குவார்.

ஒருநாள் கடிகாரம் நூற்றிப் பதினேழைக் காட்டியது. இன்னும் ஆறுதான் பாக்கி. கிழக்கு வாசலருகே அவர் எதிரே வந்து, "ஆலங்குடி" என்றார். ஒங்க வேலையப் பாருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. முதல் எழுத்து மட்டும் வந்தது. சுற்றுச்சுவர் வெளுத்துப்போய் என் பக்கம் சாய்வது போல இருந்தது.

என் அக்குளில் கை கொடுத்துப் பிடித்தவர் அவர்தான். சத்தம் போட்டுக் கூட்டம் சேர்க்கவில்லை. படியில் உட்கார வைத்தார், சட்டைப் பொத்தானைக் கழற்றினார், கடிகாரத்தை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆட்டோவில் என்னைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, "பேசாதீங்க. நான் சொல்றேன், கேட்டுக்கிட்டு மட்டும் வாங்க" என்றார். புதுக்கோட்டையில் தொடங்கி ஒவ்வோர் ஊராக, மெதுவாக, மணமேல்குடி வரைக்கும் சொன்னார். முடிந்ததும் மறுபடி தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் மருத்துவர். என் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்தத் துடிப்புக் கணக்கு பொருந்தாது என்றார். மாத்திரை துடிப்பை ஏற விடாது, எண்ணைத் துரத்தினால் உடம்பு அதன் எல்லையைத் தாண்டிவிடும், மூச்சை வைத்து வேகத்தைத் தீர்மானியுங்கள், கூட்டுவதானால் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள் என்றார். பிறகு, "இத யாருமே ஒங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல" என்றேன்.

வெள்ளைச்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். "மதினிக்குச் சொல்லிட்டு வாரேன்" என்று வெளியே போனார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு மருத்துவர் அனுமதித்ததும் மைதானத்துக்குப் போனேன். அவர் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்து, "மணி பாக்க வச்சுக்கங்க" என்றார். மன்னிப்பு எதையும் நான் கேட்கவில்லை. அவர் வலப்பக்கம் போய் நடக்கத் தொடங்கினேன். "திருவரங்குளம்" என்றார். "வம்பன்" என்றேன். அன்றிலிருந்து அப்படித்தான்.

பிறகு சண்டை நின்றுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்துச் சுற்று நடந்தால் நாலு கிலோமீட்டர் என்று அவர் எல்லோருக்கும் சொல்லிவந்தார். உள்தடத்துக்குத்தான் அந்தக் கணக்கு. அவர் நடந்தது வெளித்தடம். நான் டேப் பிடித்து அளந்து, ஒரு சுற்றுக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் கூடுகிறது என்று காட்டினேன். "கூடப் போனா என்னண்ணே, நம்மளப் பாதியிலயா எறக்கிவிடப் போறாங்க" என்று கடைசிவரை நாலு கிலோமீட்டர் என்றே சொன்னார். அவர் சொன்னது தவறு. இப்போதும் சொல்கிறேன்.

அவர் வீட்டுத் துக்கத்துக்கு வந்த சிலர், தினம் தவறாமல் நடந்த மனுஷன், நடந்து என்ன கண்டார் என்று பேசிக்கொண்டார்கள். நடந்ததால்தான் பதினோரு வருஷம் கூடுதலாக இருந்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதற்கு அளவுகோல் என்னிடம் இல்லை. அந்தப் பதினோரு வருஷமும் அவர் மூச்சிரைக்காமல் மாடிப்படி ஏறினார், பேத்தியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார், தலைசுற்றி விழப்போன ஒருவனைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார். இவை நான் பார்த்தவை.

இன்னொன்றும் உண்டு. எல்லோருடைய வியாதியையும் ஊருக்குச் சொன்னவர், நான் ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்குத் தெரியாது. செல்விக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நால்வரில் ஒருவராவது அதைப் பேசியிருப்பார். இந்த ஐந்தரை வருஷத்தில், நீங்க அன்னைக்குச் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை நான் அவரிடம் சொல்லவில்லை. தினமும் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நடந்தும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். வெளித்தடத்தில், அவர் அந்த நான்கு மாதம் நடந்த எதிர்த்திசையில் நடந்தேன். முதல் இரண்டு சுற்று மெதுவாக. பிறகு திருவரங்குளம், வம்பன், ஆலங்குடி. ஆலங்குடியில் ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. சரியான வேகம்தான். கடைசிச் சுற்றில் வேகத்தைக் குறைத்து மணமேல்குடி வரைக்கும் சொன்னேன். கிழக்கு வாசலைத் தாண்டும்போது, நடையை நிறுத்தாமல், பக்கத்தில் வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படியாகவே சொன்னேன்:

"நீங்க சொன்னீங்க வெள்ளைச்சாமி. மொதல்லயே சொன்னீங்க. நான்தான் கேக்கல. போயிட்டு வாங்க."

இதைச் சொல்லும்போது எங்கும் மூச்சு வாங்கவில்லை.