அறுபத்து நாலு சென்டிமீட்டர்

வீட்டுக்காரர் "வாங்க, வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், குளியலறை எந்தப் பக்கம் என்று புனிதா கேட்டுவிடுவாள். ஹாலின் புதுத் தரை, சமையலறை அலமாரி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் சுண்ணாம்புமலை, எதையும் அவள் பார்ப்பதில்லை. மடியில் கிடக்கும் அளவு நாடாவைச் சர்ரென்று இழுத்துக் குளியலறைக் கதவின் குறுக்கே வைப்பாள். அவளுடைய சக்கர நாற்காலி நுழைய அறுபத்து நாலு சென்டிமீட்டர் வேண்டும். அதற்குக் குறைந்தால் நாடா சுருண்டு உள்ளே போகும், அவளும் திரும்பி வாசலுக்குப் போய்விடுவாள். ஈப்போவில் வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் ஏஜண்டு பெர்னார்ட்தான் அங்கேயே நின்று வீட்டுக்காரரிடம் அசடு வழிய வேண்டும்.

"வீடு பாக்க வந்தியா, ஜாம்பான் பாக்க வந்தியா தங்கச்சி?" என்று கழிவறையைக் காட்டி மூன்றாவது வீட்டில் பெர்னார்ட் கேட்டே விட்டார்.

"ஹால்ல நொழைய முடியலன்னா வாசல்ல இருந்துக்குவேன்ணே. ஜாம்பான்ல நொழைய முடியலன்னா எங்க போறது? நீங்களே சொல்லுங்க."

பெர்னார்ட் இருபது வருடமாக வீடு காட்டுகிறவர். கழிவறைக் கதவின் அகலத்தை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

புனிதாவுக்கு இருபத்தெட்டு வயது. ஊர் பாகான் டத்தோ. கையாலேயே பிரேக் பிடிக்கவும் வேகம் கொடுக்கவும் மாற்றிய சின்னக் காரில், இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு தனியாக வருவாள். இறங்கும்போது யாராவது நாற்காலியைத் தொட்டால் "நான் பாத்துக்குறேன்" என்பாள். இரண்டாம் முறை தொட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள், பார்ப்பாள். பெர்னார்ட் அந்தப் பார்வையை ஒருமுறை வாங்கியிருக்கிறார். அதிலிருந்து இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

வீட்டுக்காரர்களின் பெயரை அவள் கைத்தொலைபேசியில் சேமிப்பதில்லை, வீட்டின் குறையைத்தான் சேமிப்பாள். "ரெண்டு படி" கூப்பிடுகிறார், "பாதி லிஃப்ட்" கூப்பிடுகிறார். "பூந்தொட்டி" என்று ஒருவர். அவருடைய அடுக்குமாடியில் நாற்காலி ஏறுவதற்கென்றே நல்ல சாய்தளம் கட்டியிருந்தார்கள். அதில் வரிசையாகச் செம்பருத்தி வைத்திருந்தார் மனிதர். "யாரும் வாரதில்ல, சும்மாதானே கெடக்குது" என்றார். ஒருநாள் அவள் திரையை எட்டிப் பார்த்தபோது பெர்னார்டுக்குத் தன் எண்ணுக்கு மேலே "பரவால்லலா" என்று இருப்பது தெரிந்தது. எந்த வீட்டைக் காட்டினாலும் அவர் அதைத்தான் சொல்வார் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

அந்த ரோசத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். இரண்டாவது மாடியில் ஒரு வீடு, எண்பது சென்டிமீட்டர் குளியலறை. லிஃப்ட் மட்டும்தான் இல்லை. மாதா திருவிழாவில் சொரூபத்தைத் தோளில் சுமக்கும் நான்கு பேரைக் கோயிலிலிருந்து கூட்டிவந்து மாடிப்படியின் கீழே வரிசையாக நிறுத்திவிட்டார். நால்வரும் குளித்துத் தலைவாரி வந்திருந்தார்கள்.

"ஒரு ஆட்டம் ஆடாமத் தூக்கிட்டுப் போயிருவானுங்க. பயிற்சி உள்ள பயலுங்க" என்றார்.

புனிதா நால்வருக்கும் வணக்கம் சொன்னாள். "நான் என்ன சொரூபமாண்ணே, வருசத்துக்கு ஒருநாள் எறங்கி வாரதுக்கு? தெனமும் எட்டு மணிக்கு வேலைக்குப் போவணும்லா. இவங்களயும் சம்பளத்துக்கு வெச்சிக்கட்டா?"

நால்வரில் மூத்தவர்தான் முதலில் சிரித்தார்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அவளுக்கு நாள் இல்லை. ஈப்போவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு அமையவில்லை என்று இரண்டு முறை தவணை கேட்டுவிட்டாள். வருகிற திங்கட்கிழமை வரவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சன்னாசி தினமும் கூப்பிட்டு, "கெடைக்கலன்னா வந்துரும்மா, இங்க என்ன கொற?" என்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவளிடம் வாய்த்துடுக்கு வராது. "சரிப்பா, சாப்டீங்களா?" என்று பேச்சை மாற்றுவாள்.

வெள்ளிக்கிழமை பெர்னார்ட் அவளை ஈப்போவை ஒட்டிய சிம்பாங் பூலாய்க்கு வரச் சொன்னார். தரைத்தளத்து வீடு. சொந்தக்காரி காளியம்மா. வாசலில் நாலு விரல் உயரத்துக்கு மரப்படி, மஞ்சள் பூசி வரிசையாகக் குங்குமப் பொட்டு. புனிதா நாற்காலியைப் படியின் முன் நிறுத்தி, உயரத்தை அளந்தாள்.

காளியம்மா பதறிவிட்டார். "இது லெச்சுமி இருக்கிற படிம்மா. நாங்களே மிதிக்கமாட்டோம், தாண்டித்தான் போவோம். அது மேல சக்கரம் ஏறுனா எப்பிடி?"

"பரவால்ல..." என்று தொடங்கிய பெர்னார்ட் பாதியில் விழுங்கிக்கொண்டார்.

"நானும் மிதிக்கமாட்டேன்க்கா, தாண்டுறேன்" என்றாள் புனிதா. "ரெண்டு பக்கமும் செங்கல்லு, படியவிட ஒரு விரல் ஒசரமா. அது மேல பாலம் மாதிரி ஒரு பலக. அந்தாண்ட இந்தாண்ட சாய்ப்பு. கதவு சாத்துறப்போ நடுப்பலகைய நானே கயித்தக் கட்டி இழுத்துக்குவேன்."

இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு பெர்னார்ட் பின்பக்கத்திலிருந்து செங்கல் சுமந்தார். பழைய கட்டில் பலகைகள் மூன்று கிடைத்தன. பாலம் தயாரானதும் புனிதா ஏறி நடுவில் நின்றாள். காளியம்மா நாளிதழ் ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் குனிந்து, பலகைக்கும் படிக்கும் நடுவே விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துப் பார்த்தார். எங்கும் சிக்கவில்லை.

"படல" என்று நிமிர்ந்தார். "உள்ள வா."

குளியலறைக் கதவு எண்பத்து மூன்று சென்டிமீட்டர்! கீழே தடுப்புக்கல்லும் இல்லை. "எம் புருசன் யானக்குட்டி மாதிரி ஒரு துணி தொவைக்கிற மிசின வாங்கியாந்தாரு. நொழையல. திருப்பிக் குடுங்கன்னா கேக்காம செவத்த ஒடைச்சாரு. மிசினு போயி ஆறு வருசமாச்சு, ஓட்ட இருக்கு" என்று காளியம்மா இன்றும் ஆறாத கோபத்தோடு சொன்னார்.

புனிதா உள்ளே போய் ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார்த்தாள். பாகான் டத்தோ வீட்டில் நாற்காலி நுழைய வேண்டும் என்று கதவைக் கழற்றிவிட்டார்கள், அங்கே திரைதான். அவள் குளிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் வெளியே காவல் நிற்க வேண்டும்.

"எப்பிடி தங்கச்சி? அக்ரிமெண்ட எடுக்கட்டா?" என்றார் பெர்னார்ட்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. காளியம்மாவும் பெர்னார்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. சிறிது நேரத்தில் தாழ்ப்பாள் விலகிக் கதவு ஒரு சாண் திறந்தது. பெர்னார்ட் பையிலிருந்து தாளை எடுத்தார்.

புனிதா வெளியே வரவில்லை. உள்ளிருந்து கையை மட்டும் நீட்டி, கதவை இழுத்துச் சாத்தி, மறுபடியும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.