கரடி மேல் ஒரு க்ளெய்ம்

நகைக்கு இன்சூரன்ஸ் பிடிப்பது என்றால், முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய் "உங்க நகையெல்லாம் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அடி வாங்காமல் வெளியே வருவது. குன்னூரைச் சுற்றி ஸ்கூட்டரில் நான் செய்துகொண்டிருப்பது இந்தத் தொழில்தான். பாலிசி என்றதும் நாயை அவிழ்த்துவிடுகிற வீடுகளில் ஏறி இறங்கிய சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஹெட்மாஸ்டர் வீட்டு வளையல்

ஊட்டியில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், மனைவியின் வளையல்களுக்கு பாலிசி வேண்டும் என்று அவராகவே கூப்பிட்டார். அதெல்லாம் எங்கள் தொழிலில் மழையில்லாத ஜூலை மாதிரி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வளையல்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கதவுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "கல்யாணமான நாள்ல இருந்து நானும் கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். எங்கேன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு போன் போடுங்க."

பன்னுக்கு வருமா?

தங்க ஃபிரேம் மூக்குக்கண்ணாடியை எங்களிடம் இன்சூர் செய்திருந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர், பார்க்கிலிருந்து அலறிக்கொண்டு போன் செய்தார். கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டதாம். எங்கள் ஊர்க் குரங்குகளிடம் ஒரு நேர்மை உண்டு. தின்ன ஏதாவது கொடுத்தால் பொருளைக் கீழே போட்டுவிடும். நான் போய்ச் சேருவதற்குள் பேரம் முடிந்து, கண்ணாடி பழையபடி மூக்கில் ஏறியிருந்தது. அப்பாடா என்று வண்டியைத் திருப்பினேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார்: "ஏனுங்க மேடம், கண்ணாடி வந்துருச்சு. அதுக்குக் குடுத்த க்ரீம் பன்னுக்கு க்ளெய்ம் வருங்களா?"

சரோஜாவின் ஆரம்

இதெல்லாம் சும்மா. என்னை நிஜமாகவே படுத்தி எடுத்தது சரோஜாவின் ஆரம்தான். சரோஜா டீ ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். அவர் கணவர் பழனிச்சாமி ஒயரிங் வேலைக்காரர், வாயைத் திறப்பதே அபூர்வம். மகள் கல்யாணத்துக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய ஒரே ஆரம் அது. கல்யாணம் அடுத்த வாரம் என்னும்போது, வீட்டில் வைத்திருக்கப் பயந்து பாலிசி எடுத்தார்கள்.

பாலிசியைக் கையில் கொடுத்துவிட்டு, எல்லா வீட்டிலும் சொல்வதையே அங்கேயும் சொன்னேன்: "இனிமே ஆரம் எங்க பொறுப்பு. நிம்மதியா கல்யாண வேலையைப் பாருங்க." நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பழனிச்சாமி சமையற்கட்டுக்குள் போனார், அப்புறம் வாசலுக்குப் போனார். அவலாஞ்சி டேம் பக்கம் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. "வண்டிக்குள்ள வெச்சுட்டனுங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போய்விட்டார். என் ஸ்கூட்டரின் சீட் பூட்டு கெட்டுப்போனது ஊருக்கே தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் அதற்குள் காய்கறி வைத்து அனுப்புவார்கள். சீட்டைத் தூக்கினேன். மடித்து வைத்த என் ரெயின்கோட்டின் மேல் ஒரு பை கேரட் இருந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது சரோஜாவிடம், ஆரத்தைப் பத்திரமான இடத்தில்தானே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார்: "திருடன் என்னங்க, எங்க ஊட்டுக்காரரே கண்டுபிடிக்க முடியாத எடத்துல வெச்சிருக்கறனுங்க."

விருந்தாளி

மூன்றாம் நாள் காலையில் சரோஜாவிடமிருந்து போன். கரடி சமையற்கட்டுக் கதவை உடைத்து, நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருந்த தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ணெய் போனதற்கா இவ்வளவு அழுகை என்று நினைத்தேன். ஆரத்தை கவரில் சுற்றி அந்த எண்ணெய்க்குள்தான் போட்டு வைத்திருந்தாராம்! ஓடிப்போய்ப் பார்த்தால், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் போசி கிடந்தது. சொட்டு எண்ணெய் இல்லை, ஆரமும் இல்லை. மகள், "ஆரம் இல்லாட்டிப் பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள். பழனிச்சாமிக்குத் தகவல் சொல்லலாம் என்றால் அவர் இருக்கும் இடத்தில் டவர் கிடையாது.

போலீசில், கரடி மேல் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, ஃபாரஸ்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஃபாரஸ்ட்டில், கதவு எங்கள் கணக்கு, நகை போலீஸ் கணக்கு என்றார்கள். கோயமுத்தூரில் இருக்கும் என் மேனேஜருக்குப் போன் போட்டேன். வீட்டுக்குப் பழக்கமான ஆள் எடுத்தால் எங்கள் பாலிசியில் பணம் வராது. அவர் பாலிசி விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கரடி வீட்டுக்குத் தெரிஞ்ச கரடியா, வெளிக் கரடியா?"

தடயம்

கரடி ஆரத்தை விழுங்கியிருக்கும், தானாக வெளியே வந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? கொழுந்து பறித்து முடித்த பெண்களெல்லாம் குச்சியோடு கிளம்பிவிட்டார்கள். எஸ்டேட் ரோடு ஒன்று விடாமல் நானும் ஸ்கூட்டரில் அலைந்தேன். அந்த வாரம் பார்த்து ஒரு தூறல்கூட இல்லை, நல்ல வெயில். சோலை ஓரத்தில் கரடிச் சாணம் கண்ணில் பட்டதும், எல்லோரும் ஃபாரஸ்ட் வாட்சரைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சரோஜா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வாட்சர் நிதானமாகக் கிளறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்: "நாவக்கொட்டை இருக்குதுங்க, பலாக்கொட்டை இருக்குதுங்க. தங்கம் சாப்பிட்ட மாதிரி தெரியலீங்க."

மழை வந்தது

கல்யாணத்துக்கு முதல் நாள், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் க்ளெய்ம் நடக்காது என்று சொல்வதற்காக சரோஜா வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன். வாசலில் வண்டியை நிறுத்தவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. சீட்டைத் தூக்கி ரெயின்கோட்டை எடுத்து உதறினேன். எண்ணெய் வழிகிற கவர் ஒன்று சொத்தென்று சிமெண்டில் விழுந்தது. உள்ளே ஆரம்!

சரோஜா ஆரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல நனைந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் அவலாஞ்சியிலிருந்து வந்து இறங்கிய பழனிச்சாமி மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. தலைக்குத் தேய்க்க எண்ணெய் எடுத்தபோதே ஆரத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். பொறுப்பு எங்களுடையது என்று நான் சொன்னதும், எடுத்து ரெயின்கோட்டுக்குள் சுருட்டி வைத்தாராம். யார் கண்ணிலும் படக்கூடாதென்று மேலே கேரட்டாம்!

மகள் ஆரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். சரோஜா கணவரைத் திட்டி முடித்ததும் நான் ஆரம்பித்தேன். நகையை வீட்டில் நீங்கள்தானே வைத்திருக்க வேண்டும், அடகுக்கடையா நடத்துகிறேன் என்று கத்தினேன். அந்த மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனதில் பட்டதைச் சொன்னார்: "காசும் நாங்களே கட்டிக் காவலும் நாங்களே காக்கோணும்னா, அப்பறம் நீங்க எதுக்குங்க மேடம்?"

அந்தக் கேள்வியை அப்படியே எங்கள் கம்பெனிக்கு எழுதி அனுப்பிவிட்டு, நான் சீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டேன்.