டிக்கிக்குப் போன பேட்டரி

ஆரப்பாளையம் பட்டறையில் என் பழைய அம்பாசடருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, பேட்டரியை டிக்கியில் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். எர்த் ஒயரை முறுக்குவதற்காக மெக்கானிக் உள்தகட்டின் பெயிண்டைச் சுரண்டினார். அந்தக் கறகற சத்தம் என்னைச் சின்ன வயதுக்குக் கூட்டிப்போய்விட்டது.

அப்போது இது அப்பாவின் கார். இன்ஜின் சூட்டில் பேட்டரி கெடுகிறதென்று அவரே அதை டிக்கிக்கு மாற்றினார். மறுநாள் காலையில் அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. அம்மாவும் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். அப்பா சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. தெருவில் ஓர் ஆட்டோகூட இல்லை.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "எர்த் ஒயர எங்கங்க முறுக்குனீங்க?"

"டிக்கிக்குள்ள, ஒரு போல்ட்டுல."

"பெயிண்டு மேலயேவா? அதுல கரண்டு எப்படிங்க பாயும்? சுரண்டுங்க!"

அம்மா பள்ளியில் அறிவியல் டீச்சர். அப்பா காய்கறிக் கத்தியை எடுத்துவந்து, தகடு பளபளக்கும்வரை சுரண்டி ஒயரை இறுக்கினார். கார் உறுமியது. அந்த வலியிலும் அம்மா சிரித்துவிட்டாள்.

"பொறுத்துக்க, இந்தா வந்துட்டோம்" என்று சிம்மக்கல் தாண்டும்வரை அப்பா திரும்பித் திரும்பிச் சொன்னார்.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அவனை வாங்க அப்பா நீட்டிய கைகளில் ஒரே கிரீஸ். நர்சு அவரைக் குழாயடிக்குத் துரத்தினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கக்கா" என்றார் மெக்கானிக். சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பியது. நேராக வண்டியூரில் அம்மா வீட்டுக்கு விட்டேன். ஊர் சுற்றப் போகலாமென்று சொல்லியிருந்ததால், அம்மா சேலை மாற்றி வாசலிலேயே நின்றிருந்தாள்.